இடக்கரடக்கலும் இளம்பிள்ளைகளும்

இலக்கியப் பகுதியென்றால் காவியங்களையும் கவிவாணர்களையும் ஆராய்வதற்குரிய இடமென்று வாசகர்கள் எண்ணியிருப்பது இயல்பே. அவ்வெண்ணத்துக்கு இன்று நான் சிறிது இடையூறு செய்ய நேர்கிறது. நான் ஆராய எடுத்துக்கொண்டது காவியமன்று. மலேசியத் தேசியப் பாடத்திட்டத்தின்படி ஒன்பது வயதுக் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட மூன்றாம் ஆண்டு உடற்கல்வி, நலக்கல்விப் பாடநூல். அதிலும் நூல் முழுவதையும் எடுத்தேனில்லை. ஒரே ஒரு பக்கத்தைத்தான். 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்தப் பக்கம் நாடெங்கும் பேச்சாயிற்று. கடல் கடந்த செய்தி நிறுவனங்களும் அதைப்பற்றி எழுதின. பிறகு பேச்சு அடங்கிவிட்டது. அந்தப் பக்கம் எந்த வேலையைச் செய்யப் புகுந்ததோ அந்த வேலை மட்டும் இன்னும் செய்யப்படாமல் கிடக்கிறது. ஆகவே ஒரு செய்யுளுக்குச் செலுத்தும் கவனத்தை அப்பக்கத்துக்குச் செலுத்திப் பார்ப்போமென்று துணிந்தேன்.

என் தமக்கையின் மகள் அப்பொழுது மூன்றாம் ஆண்டு மாணவி. அவளுடைய புத்தகத்தில்தான் நான் அதைக் கண்டேன். ஒரு சிறுமியின் படம். சுற்றிலும் அவளுக்கான புத்திமதிகள். அவள் தன் மறைவுறுப்புகளின் கண்ணியத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்காக அடக்கமாக உடுத்த வேண்டும்; உடை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்; ஆளரவமற்ற இடங்களுக்குத் தனியே போகலாகாது. தவறினால் விளைவது யாதென்பதும் அங்கேயே கூறப்பட்டிருந்தது. குடும்பத்துக்கு அவமானம் வரும். நண்பர்கள் அவளை ஒதுக்கிவிடுவார்கள்.

இலக்கணம் கற்ற மாணவன் ஒருவன் இதைப் படித்தால் முதலில் எழுவாயைத் தேடுவான். தமிழில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. அது வாக்கியத்தில் வெளிப்படாமல் நின்றாலும் வினைமுற்றைக்கொண்டு இன்னதென்று கண்டுகொள்ளலாம். இந்தப் பக்கத்திலோ உடுத்துகிறவள் சிறுமி, கதவைச் சாத்துகிறவள் சிறுமி, போகாமலிருக்கிறவளும் சிறுமி. அதன்பின் அவமானம் வருகிறது. யாரால் வருகிறது? தீங்கு செய்பவன் ஒருவன் இருந்தாக வேண்டுமே! அவன் எந்த வாக்கியத்திலும் இல்லை. எவ்வகை வினைமுற்றைக்கொண்டும் அவனைக் கண்டுபிடிக்க முடியாது. மழை பெய்வதுபோலவும் மரம் சாய்வதுபோலவும் தீங்கு தானே நிகழ்ந்துவிடுகிறது. நனைந்துவந்த குழந்தையைப் பார்த்து, குடை கொண்டு போகாத குற்றத்துக்காக இனி உன்னோடு ஒருவரும் பேசமாட்டார்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

அதே வகுப்பில் பையன்களும் இருந்தார்கள். அவர்கள் கையிலும் அதே புத்தகம். இது நமக்குரிய பாடமன்று என்பதைத்தான் அவர்கள் அதிலிருந்து கற்றிருப்பார்கள். தன் உடலும் பிறன் தொடலாகாத உடல்தான் என்பதை ஆண்குழந்தைக்கு அந்தப் பக்கம் சொல்லவில்லை. பிறர் உடலைத் தான் தொடுமுன் அவர் இசைவு வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. தீங்கு செய்பவன் பெரும்பாலும் குழந்தைக்கு அறிமுகமானவனே, பல சமயங்களில் கதவுக்கு உட்புறத்திலேயே இருப்பவன் என்னும் உலகறிந்த உண்மைக்கும் அங்கே இடமில்லாமற் போயிற்று.

கண்டனம் எழுந்தது. அப்படத்தின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துவிடுவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. தவற்றை ஒப்புக்கொண்டது நேர்மையான செயலே. ஆயினும் ஒட்டுத்தாளை நினைக்குந்தோறும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உடலை மறைக்கச் சொன்ன பக்கத்தைத் தாளால் மறைத்தார்கள்! அந்தத் தாளின் அடியில் என்ன இருக்கிறதென்று நகத்தால் சுரண்டிப் பார்க்காத ஒன்பது வயதுப் பிள்ளை இந்த நாட்டில் உண்டோ?

நிற்க. அமைச்சை மட்டும் குறைகூறி முடித்துவிட்டால் அது நேர்மையான விமரிசனமாகாது. இந்நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் 1989-லும் தொடக்கப் பள்ளிகளில் 1994-லும் குடும்ப நலக் கல்வி என்ற பெயரில் இந்த விஷயம் பாடத்தில் புகுத்தப்பட்டது. 2011-இல் அது இனப்பெருக்க, சமூக நலக் கல்வி என்று பெயர் மாற்றம் பெற்றது. எவ்வளவு குறைபாடு உடையதாயினும் ஏட்டில் ஒரு பாடம் இருக்கிறது. நம்முடைய வீடுகளில் என்ன இருக்கிறது?

ஜொகூரில் குளுவாங்கை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணியாக வேலை பார்க்கிறேன். என் மேசைமேல் கிடக்கும் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், நம் பெண்களுக்கு வயிற்றுவலி தவிர வேறு நோயே வருவதில்லையோ என்று தோன்றும். மாதவிலக்காயினும் வயிற்றுவலி; கருச்சிதைவாயினும் வயிற்றுவலி. அவர்கள் அவ்வாறு சொல்கிறார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன். இருவருக்கும் உண்மை தெரியும். இதைத்தான் நம் இலக்கணிகள் இடக்கரடக்கல் என்றார்கள். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லுக என்று தொல்காப்பியம் எச்சவியலில் விதிக்கிறது. நன்னூலார் அதைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தார்.

அவ்விதியை நான் பழிக்கவில்லை. பெரியோர் பலர் கூடிய இடத்தில் அது நாகரிகமே. ஆனால் அவ்விதிக்குள் ஒரு நிபந்தனை சொல்லாமலே அடங்கியிருக்கிறது. கேட்பவனுக்கு மறைக்கப்பட்ட பொருள் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவனிடம் மறைத்துச் சொன்னால் அது மரியாதை. தெரியாத குழந்தையிடம் மறைத்துச் சொன்னால் அதற்கு ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் பொருள். பக்கத்து வீட்டு அக்காள் முழுகாமல் இருக்கிறாள் என்று என் பாட்டியார் சொல்லக் கேட்டு, அந்த அக்காளுக்குத் தண்ணீர் பிடிக்காது போலும் என்று நான் ஏழு வயதில் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. நட்டம் விளைந்த வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, இன்ன மாமா கெட்ட மாமா என்று தன் பாட்டியிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். பெரியவர்களை அப்படிப் பேசலாகாது என்று பாட்டி அதட்டியிருக்கிறாள். உண்மை வெளிப்பட இரண்டு ஆண்டுகள் சென்றன. அந்தப் பாட்டி கொடியவள் அல்லள். பேத்தியின்மேல் உயிரையே வைத்திருந்தவள். அந்தக் குழந்தையிடம் இருந்ததெல்லாம் கெட்ட என்னும் ஒரு பெயரெச்சம். அது தழுவி நிற்கவேண்டிய பெயர்ச்சொல்லை அவளுக்கு ஒருவரும் கற்பித்திருக்கவில்லை. எந்த உறுப்பு, எந்தச் செயல் என்பதற்குச் சொல் இல்லாத இடத்தில் அவள் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இந்த நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் நம்மைக் கடந்து சென்றுவிட்டது. 2017-இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டிலேயே புத்ராஜெயாவில் அக்குற்றங்களை விசாரிக்கத் தனி நீதிமன்றமும் அமைந்தது. அச்சட்டத்தின்படி குழந்தை சாட்சி சொல்லத் தகுதியுடையது என்றே கொள்ளப்படும். வேறு சான்று துணைநில்லாவிடினும் அக்குழந்தையின் சாட்சியத்தை மட்டும் கொண்டு குற்றவாளியைத் தண்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வாசகர்கள் இதைச் சற்றே நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் சொல்லுக்கு அத்துணைப் பெரிய எடையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்தச் சொல்லை நாம் குழந்தைக்குக் கொடுக்கவில்லை.

சொல் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். மலாய்மொழியில் மறைவுறுப்பைக் குறிக்கும் கெமாலுவான் என்னும் சொல், வெட்கத்தைக் குறிக்கும் மாலு என்னும் அடியிலிருந்தே பிறந்தது. இலத்தீனிலும் இதே கதைதான். மேனாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் வழங்கிய புடெண்டம் என்னும் சொல்லுக்கு வெட்கப்படத்தக்கது என்பது பொருள். அனைத்துலக உடற்கூற்றியல் சொற்பட்டியலிலிருந்து அச்சொல்லை 2019-இல்தான் நீக்கினார்கள். அவ்விடத்து நரம்பின் பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் குறி என்பதற்கு அடையாளம் என்பது பொருள். பிறப்புறுப்பு என்றால் பிறப்புக்குரிய உறுப்பு. இரண்டிலும் வெட்கம் என்னும் அணு அளவும் கிடையாது. வெட்கமற்ற, செவ்விய சொற்களை வைத்துக்கொண்டு அவற்றைச் சொல்ல வெட்கப்படுகிற ஜனசமூகம் நம்முடையது!

நாட்டு வழக்கிலும் இவ்வுறுப்புகளுக்குப் பழந்தமிழ்ப் பெயர்கள் உண்டு. அவை எங்கே உயிரோடிருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். சாராயக் கடையிலும் சண்டையிலும், பிறர் தாயைக் குறித்து எழும் வசவிலும் இருக்கின்றன. ஆக, குழந்தையின் காதில் தன் உடலுறுப்பின் பெயர் முதன்முதல் விழுவது வசவாகவே. மற்றொரு பெயர் அகராதியில் உறங்குகிறது. இடையே வீட்டில் சொல்வதற்கென்று ஒரு பெயரும் இல்லை.

சொல்லத்தான் கூச்சம், காட்ட நமக்குக் கூச்சமில்லை. பெண்குழந்தை முதன்முதல் பூப்பெய்தினால் மண்டபம் எடுக்கிறோம். அவளுடைய படத்தை ஆளுயரப் பதாகையில் அச்சிட்டு வாயிலில் கட்டுகிறோம். ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் விருந்திடுகிறோம். அந்த விருந்துக்கு வந்த முந்நூறு பேருக்கும் என்ன நிகழ்ந்ததென்று தெரியும். அலங்கரித்து உட்கார்த்தி வைத்த குழந்தைக்கு மட்டும் அந்த இரத்தம் எங்கிருந்து ஏன் வந்ததென்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு என்று இடத்தைப்பற்றிய சொற்களைத்தான் அவள் கேட்டிருப்பாள்: எங்கே நிற்கலாகாது, எதைத் தொடலாகாது என்று.

இலக்கியத்திலாவது நமக்கு வறுமை உண்டோவெனின், அதுவுமில்லை. சங்கப் பாடல்களில் பெரும்பகுதி அகப்பாடல்கள். திருவள்ளுவர் 250 குறட்பாக்களை இன்பத்துப்பாலுக்கென்றே ஒதுக்கினார். வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அப்பகுதியை விட்டுவிட்டார். அவர் துறவி, அவருக்கு அதற்கோர் காரணம் இருந்தது. துறவறம் பூணாத நம் பள்ளிப் பாட ஆசிரியர்கள் பெரும்பாலும் அதே பகுதியை ஏன் விட்டுவிடுகிறார்கள்? இந்திரன் அகலிகையிடம் போன கதையை உற்சவத்தில் குழந்தைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள், நலக்கல்வி என்றவுடன் குழந்தைகள் கெட்டுப்போகும் என்று அஞ்சுவது விந்தையிலும் விந்தை. அந்தக் கதையில்கூடக் கல்லானது யார் என்பதை வாசகர்கள் நினைவுகூர்க. 2019ஆம் ஆண்டுப் பாடநூலின் எழுவாய் எங்கே போயிற்று என்பது அப்போது விளங்கும்.

என் சொந்தக் கூச்சத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் இந்நாட்டில் 2003-இல் தொடங்கிற்று. அந்தக் காலத்து மாணவன் நான். மற்றப் பாடங்களையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படித்தேன். மனித இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வந்தபோது எங்கள் ஆசிரியர் நாலைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்றார். படித்தோம். தேர்வில் உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைப் பிழையின்றி எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். அதனால் எனக்குத் தெரியும் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட என் தாயிடமோ தமக்கையிடமோ நான் சொல்லவியலாதென்பது. ஆங்கிலம் படித்தவர்களாகிய எங்களுக்கு ஆங்கிலமே ஓர் இடக்கரடக்கல். மருத்துவரிடம் அதில் பேசித் தப்பித்துக்கொள்கிறோம். ஆயாக் கொட்டகையில் இருக்கும் குழந்தைக்கு அந்த வழியும் இல்லை.

சீர்திருத்த இலக்கியம் இத்துறையில் செய்த தொண்டை இங்கே மறக்கலாகாது. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துவது பற்றி வெளிப்படையாக அச்சிடுவதே அவமானமென்றிருந்த 1936-இல், ஈரோட்டிலிருந்து குடிஅரசுப் பதிப்பகம் கர்ப்ப ஆட்சி என்னும் நூலை வெளியிட்டது. மற்றவர்கள் குடும்பத்தின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கருத்தடையை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டுமென்று பெரியார் வாதித்தார். மராத்தியில் ர. தோ. கார்வே 1927 முதல் 1953 வரை சமாஜ ஸ்வாஸ்த்ய என்னும் பத்திரிகையை நடத்தினார். வாசகர்கள் பால் விஷயமாகக் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதினார் என்பதற்காக அவர்மேல் ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டது. 1934-இல் அவருக்காக வழக்காடியவர் டாக்டர் அம்பேத்கர். கேள்வி கேட்டவன் குற்றவாளியல்லன், விடை சொன்னவன் குற்றவாளி என்பது அக்காலத்து நியாயம்.

ஆயினும் அக்காலக் கருத்தடை இலக்கியம் பெரும்பாலும் மணமானவர்களை நோக்கியே பேசிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தைகள் அதில் எண்ணிக்கையாக வந்தார்கள், கேட்போராக வரவில்லை. அந்த வேலை நம் காலத்துக்கு மிஞ்சியிருக்கிறது.

கேட்போர் என்னும்போது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். காது கேளாத பிள்ளைக்கும் அறிவு வளர்ச்சி தாமதித்த பிள்ளைக்கும் இந்தக் கல்வி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மற்றக் குழந்தைகளைவிட அப்பிள்ளைகளே அதிகத் தீங்குக்கு ஆளாகிறார்கள். உண்பது, உடுப்பது, குளிப்பது எல்லாவற்றிலும் பிறர் கை தம்மேல் படுவதற்குப் பழகியவர்கள் அவர்கள். எந்தத் தொடுதல் உதவி, எந்தத் தொடுதல் குற்றம் என்பதை அவர்களுக்கு வேறு யார் பிரித்துக் காட்டுவது?

வகுப்பில் மற்றப் பையன்களைப்போல் தான் இல்லையென்று உணரும் பிள்ளையும் இருக்கிறது. அது தன்னைப்பற்றி முதலில் கேட்பதும் வசவுச் சொல்தான். இங்கும் நம் பழைய இலக்கணம் பாடநூலை முந்திக்கொள்கிறது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இடம் கொடுத்தார். அந்த இடம் உயர்திணை. அதன்பின் நெடுங்காலம் சென்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021-இல் எழுந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகையோரை மரியாதையாகக் குறிப்பிடுவதற்குரிய சொற்பட்டியலைத் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் முதலிய சொற்கள் அவ்வாறு அரசின் ஏட்டில் ஏறின. அரசிதழில் வந்த சொல் லயத்து வாசல்வரை நடந்துவரச் சில காலம் ஆகும், ஆனால் புறப்பட்டுவிட்டது. அதை வகுப்பறைக்குள் விடுவதற்கு நம் பள்ளிகள் ஏன் தயங்க வேண்டும்?

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதையே செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்பது பழைய ஆட்சேபம். இந்தியாவிலும் 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வியை இவ்வச்சத்தாலேயே நிறுத்தின. யுனெஸ்கோ நிறுவனம் 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி, பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, இக்கல்வியால் அத்தகைய விளைவு நேரவில்லை என்றே கூறுகிறது. ஐந்து வயதிலிருந்தே வயதுக்கேற்ப இதைத் தொடங்கலாம் என்பது அதன் கருத்து. ஐந்து வயது என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். அந்த வயதில் சொல்லிக்கொடுப்பது உறுப்புகளின் பெயர், வேண்டாம் என்று சொல்லும் உரிமை, யாரிடம் போய்ச் சொல்வது என்பவைதாம். கண், காது, மூக்கு என்று தொட்டுக் காட்டிப் பாடுகிறோமே, அந்தப் பாட்டு வயிற்றோடு நின்று, மறுபடி முழங்காலில் தொடங்குவானேன்?

என் தமக்கையின் இளைய மகனுக்கு இப்பொழுது ஒன்பது வயது. சென்ற மாதம் தமக்கை தொலைபேசியில் கூப்பிட்டு, தம்பி, இவன் என்னென்னவோ கேட்கிறான், தமிழில் எப்படிச் சொல்வது, நீதான் நிறையப் படிக்கிறாயே என்றாள். நான் அகராதியைப் பார்த்து ஏழெட்டுச் சொற்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவள் எழுதிக்கொண்டாள். முதல் இரண்டு சொற்களை உரக்கப் படித்தாள். மூன்றாவதற்கு வந்ததும் தாளை என்னிடம் நீட்டி, நீயே படி என்றாள். நானும் உடனே படித்துவிடவில்லை. பையன் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.